பெஸ்தெ என்ற சொல்லும் ஒரு பழைய கோட்டும்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அங்கே உங்கள் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பின்னால் எழுதுகிறேன்.

'அன்புள்ள' என்று ஆரம்பித்திருக்கிறாளே, கோபம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அது கைப்பழக்கம். தெருக் குழாயில் சேறு வருகிறது என்று போன வாரம் நகராட்சி அலுவலகத்துக்கு எழுதிய புகாரைக்கூட 'அன்புள்ள ஐயா' என்றுதான் ஆரம்பித்தேன். அந்த ஐயாவை நான் பார்த்ததுகூட இல்லை. பார்த்தால் நிச்சயம் அன்பு வராது.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்து பாதி வாக்கியம் சொல்வதற்குள் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அத்தையிடம் பேசும்போது மட்டும் அது எங்கிருந்து வருகிறதோ, கணீரென்று கேட்கிறது. கடிதத்தில் அந்த வம்பு இல்லை. பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும். என்றைக்காவது நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும்.

அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய தைலம் தீர்ந்துபோய் இங்கேயே வேறு வாங்கிவிட்டேன், அனுப்ப வேண்டாம். குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, நானே முடுக்கிவிட்டேன். தையல் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் அல்லவா, ஊர்ப் பிள்ளைகளின் கால்சட்டையெல்லாம் ஓரம் பிரித்து இறக்க எங்களிடம்தான் வருகிறது. பிள்ளைகள் ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்கிறார்கள் என்பது ஓரம் இறக்குகிறவளுக்குத்தான் தெரியும். பிள்ளை விஷயத்தை நான் அங்கே வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னீர்கள். நானும் மற்றவர்களின் கால்சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரு நல்ல செய்தி. உங்களுக்கு நல்லதா என்று தெரியாது. அங்கே வருவதற்கு எழுத வேண்டிய மொழிப் பரீட்சையில் நான் பாஸ். பேச்சு, படிப்பு, எழுத்து மூன்றிலும். முதல் தடவை நான் தோற்றபோது நீங்கள் போனில் ஆறுதல் சொன்னது நினைவிருக்கிறதா? "பரவால்ல விடு, இப்ப என்ன அவசரம், நிதானமா படி" என்றீர்கள். தோற்றுப்போனவளுக்கு ஆறுதல் சொல்கிறவர் குரலில் அத்தனை சந்தோஷம் எதற்கு என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. நம்மைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நான் பாஸ் செய்த மறுநாளே என்னை அழைத்துக்கொள்ளும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதாகச் சொல்லியிருந்தீர்கள். ஆக, இதுவரை உங்கள் சாக்கு என் நாக்கில் இருந்தது. இனிமேல் அது உங்கள் பேனாவில்தான் இருக்க முடியும். இதைச் சொல்லத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தப் பரீட்சையில் வந்த கேள்வியையும், அதற்கு முன்னால் வகுப்பில் நடந்ததையும் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

நீங்கள் போன புதிதில் நாம் செய்துகொண்ட ஏற்பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். பார்சல் அனுப்பும்போதெல்லாம் அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு கார்டு வைப்பீர்கள். உள்ளே தமிழில் எழுதினாலும் முதல் சொல் மட்டும் அந்த ஊர் மொழியில், டச்சில், இருக்கும். "ஒவ்வொரு வார்த்தையா கத்துக்கோ, நீ வரப்ப ஒரு புஸ்தகமே சேந்துடும்" என்றீர்கள். முதல் சொல் 'லீவெ'. அன்பே, பிரியமான என்று அர்த்தம். அத்தை அதைப் படித்துவிட்டு, "லீவு கெடச்சிடுச்சாடி? எப்ப வரானாம்?" என்று குதித்ததையும், நான் சிரித்துச் சிரித்துப் புரையேறியதையும் அப்போதே எழுதியிருந்தேன். புத்தகம் ஒன்றும் சேரவில்லை, பார்சலுக்குப் பார்சல் அதே 'லீவெ'தான் வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் அந்தக் கறுப்புக் கோட்டு வந்த பார்சலில் சொல் மாறியது. கோட்டைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அத்தையின் கார்டில் வழக்கம்போல 'லீவெ'. என் கார்டில் 'பெஸ்தெ'. எனக்கு அப்போது டச்சு தெரியாது என்றாலும் ஆங்கிலத்தில் பெஸ்ட் தெரியாத ஆள் உண்டா? பிஸ்கட் பாக்கெட்டில்கூட இருக்கிறதே. எல்லாரிலும் சிறந்தவளே! எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே படியில் நின்ற மாமியாரையும் மருமகளையும் பிரித்து, மருமகளை உச்சிப்படியில் ஏற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். அத்தையிடம் கார்டை நீட்டிக் காட்டி, உங்களுக்கு வெறும் அன்புதான், எனக்கு முதல் பரிசு என்று கிண்டல் செய்தேன். அத்தை இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பொறாமை என்று அதற்கும் சிரித்தேன்.

கார்டை அலமாரிக் கதவில் ஒட்டினேன். கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்கார அக்கா, காஜா எடுக்கிற இரண்டு பெண்கள், ஜிப் மாற்ற வந்த வாடிக்கையாளர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. அன்றைக்கே எனக்கு 'பெஸ்ட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. பெஸ்ட்டு, அந்த நூலை எடு. பெஸ்ட்டு, பாபின் மாட்டு. பெஸ்ட்டு, உன் சாப்பாட்டு டப்பா திறந்திருக்கு. உங்கள் புண்ணியத்தில் இன்றைக்கும் அதுதான் என் பெயர். இப்போது அந்தப் பெயரால் யாராவது கூப்பிட்டால், விரலில் ஊசி ஏறினாற்போல இருக்கிறது. மாற்றச் சொல்லலாம். ஏன் என்று கேட்பார்களே.

வகுப்பு நடப்பது ஒரு டைப்ரைட்டிங் பள்ளியின் மாடியில். கீழே தட்டுகிற சத்தம் மேலே பெஞ்சு வழியாக முதுகில் ஏறும். டீச்சர் என்னைவிடச் சின்னவர், அந்த ஊரில் படித்துவிட்டு வந்தவர். எந்நேரமும் ஜலதோஷம். கைக்குட்டையும் சாக்பீஸும் ஒரே கையில் இருப்பதால் மூக்கு நுனி பாதி நாள் வெள்ளையாக இருக்கும். பாடம் நடத்திக்கொண்டே இருப்பவர் திடீரென்று ஏதாவது ஒரு சொல்லின் பின்னால் ஓடிவிடுவார். இது பரீட்சைக்கு வருமா மேடம் என்று யாராவது கேட்டால்தான் திரும்பி வருவார்.

அன்றைக்குப் பாடம், நல்லது, அதைவிட நல்லது, எல்லாவற்றையும்விட நல்லது. நம்மிடம் இதற்குத் தனித்தனிச் சொல் கிடையாது. முன்னால் ஒரு 'ரொம்ப' போட்டு, போதாவிட்டால் குரலை உயர்த்தி, அதுவும் போதாவிட்டால் கையை விரித்துக் காட்டி ஒப்பேற்றிவிடுகிறோம். அவர்கள் ஒரே சொல்லில் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். டீச்சர் பலகையில் வரிசையாக எழுதினார். ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஸ்வீடிஷ், டேனிஷ் எல்லாவற்றிலும் அதே பெஸ்ட்தான். ஒருத்தர் கடைசியில் ஒரு 'எ' சேர்த்துக்கொள்கிறார், ஒருத்தர் நடுவில் ஓர் எழுத்தை எழுதிவிட்டு வாயில் விழுங்கிவிடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். "எல்லாம் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க, முகத்தப் பாத்தாலே தெரியல?" என்றார். அதைவிட வேடிக்கை, நல்லது என்கிற சொல்லுக்கும் பெஸ்ட்டுக்கும் ரத்த சம்பந்தமே இல்லையாம். நல்லதுக்கு மேலே ஏறத் தன் வீட்டில் ஆள் இல்லாததால், அடுத்த வீட்டிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்ட பிள்ளைகளாம் பெட்டரும் பெஸ்ட்டும்.

அந்த அடுத்த வீடு எது என்று ஒருவன் கேட்டான். அவ்வளவுதான், டீச்சர் ஓட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சொல் முளைத்த வேரில் உயரம், முதலிடம் என்றெல்லாம் அர்த்தம் இல்லையாம். பழுதைச் சரிசெய்வது, நோவைத் தீர்ப்பது, போனதற்கு ஈடு கொடுப்பது, இதுதான் அதன் பழைய சங்கதி. வலையில் கிழிசல் விழுந்தால் மீன்பிடிக்கிறவர்கள் உட்கார்ந்து கண்ணி கண்ணியாக முடிகிறார்களே, அதற்கு டச்சில் 'பூத்தென்' என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பம். செய்த தப்புக்குக் கட்டுகிற அபராதம் 'பூத்தெ'. அதுவும் இதே குடும்பம்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. விடிந்தது முதல் பொழுது அடைகிறவரை ஊர்க் கிழிசலை அடைக்கிறவள் நான். எல்லாரிலும் சிறந்தது என்பது புதுத் துணியின் பெயர் இல்லை, கிழிந்து சரிசெய்த துணியின் பெயர் என்று யாரோ எனக்காகவே சொன்னது போல இருந்தது. நீங்கள் அந்த ஊர் மொழியை அந்த ஆழத்துக்குப் படித்துத்தான் எனக்கு அந்தச் சொல்லைப் போட்டீர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். வகுப்பில் வாயே திறக்காத நான் எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் எனக்கு எழுதும் கார்டில் முதல் சொல்லே பெஸ்தெதான் மேடம் என்று சொன்னேன். மாமியாருக்கு லீவெ, எனக்குப் பெஸ்தெ என்றும் சேர்த்துச் சொன்னேன்.

டீச்சர் மூக்கைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் துடைத்தார். "ஓ, நல்லது, உக்காருங்க" என்றார். பிறகு அவசரமாக வேடிக்கை பேச ஆரம்பித்தார். டேனிஷில் பாட்டியைப் பெஸ்ட் அம்மா என்பார்களாம். ஆங்கிலத்தில் ஒருவனைத் தோற்கடிப்பதற்கும் இந்தச் சொல்லே உதவுமாம். ஜெர்மனில் ஒருத்தரைப் 'பெஸ்ட்டுக்கு வைத்திருப்பது' என்றால் அவரை ஏமாளியாக்கி வேடிக்கை பார்ப்பதாம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நான் சிரித்ததை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அது போகட்டும், உங்கள் டச்சிலேயே சாப்பாடு 'பெஸ்ட் நன்றாக' இருக்கிறது என்றால் பரவாயில்லை, சாப்பிடலாம் என்றுதான் அர்த்தமாம். உச்சியில் இருந்த சொல் தேய்ந்து தேய்ந்து பரவாயில்லை வரைக்கும் இறங்கிவிட்டது.

எல்லாரும் போன பிறகு செருப்பு விடும் இடத்தில் டீச்சருக்காகக் காத்திருந்தேன். அந்தச் சொல்லில் ஏதாவது தப்பா என்று நேராகவே கேட்டேன். அவர் மழுப்பப் பார்த்தார். பெஸ்தெ மரியாதையான சொல், தப்பாக ஒன்றும் இல்லை என்றார். யாருக்கு எழுதுவார்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்கிறவர், சங்கத்து உறுப்பினர், ஓரளவு தெரிந்தவர்கள் என்றார். கட்டின பெண்டாட்டிக்கு எழுத மாட்டார்களா என்று கேட்டேன். அவர் செருப்பின் வாரை மாட்டிக்கொண்டே, "எழுதக் கூடாதுன்னு இல்லங்க, ஆனா யாரும் எழுத மாட்டாங்க. அவங்களுக்கு லீவெதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியூர்க்காரர்தானே, தெரியாமல் எழுதியிருப்பார் என்றார். நல்ல பெண். ஆனால் அத்தைக்கு மாறாமல் அதே சொல்லை எழுதத் தெரிந்தவருக்கு எனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

கடைக்கார அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே, "போடி, நீ கண்டவனுக்கெல்லாம் அன்புள்ளன்னு எழுதறல்ல, அது மாதிரிதான் அவரும். ஒரு வார்த்தைக்குப் போய் குடும்பத்தக் கெடுத்துக்காத" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. வெறும் ஒரு சொல்லை வைத்து உங்களைக் கூண்டில் ஏற்றுகிற பைத்தியம் இல்லை நான். வீட்டுக்கு வந்து கோட்டை எடுத்தேன்.

அந்தக் கோட்டு வந்தபோது 'இது நீ இங்கே வரும்போது போட்டுக்கொள்ள' என்று எழுதியிருந்தீர்கள். அதனாலேயே அதை ஒரு கோட்டாக நான் பார்க்கவில்லை, டிக்கெட்டாகத்தான் பார்த்தேன். கை நீளமாக இருந்தது. பிரித்து மடித்துச் சுருக்கினேன். அப்போதே என் விரலுக்குத் தெரிந்ததை என் மண்டை ஏற்றுக்கொள்ளவில்லை. அடி ஓரம் ஒரு தடவை மடித்துப் பின்னால் இறக்கப்பட்டது, பழைய தையல் ஓட்டை தெரிகிறது. முழங்கை தேய்ந்து பளபளக்கிறது. இடது பையின் உள்துணி கிழிந்திருந்தது. இரண்டாவது பொத்தான் மட்டும் கொஞ்சம் பெரியது, பிற்பாடு தைத்தது. தைத்தவர் பொத்தானுக்கு அடியில் நூலைச் சுற்றித் தண்டு விட்டுத் தைத்திருக்கிறார். நீங்கள் பொத்தான் தைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். துணியோடு விரலையும் சேர்த்துத் தைப்பீர்கள். சரி, பழைய துணிக் கடையில் மலிவாகக் கிடைத்திருக்கும், கஞ்சத்தனம் ரத்தத்தில் ஊறியது என்று நானே உங்களுக்காக வாதாடிக்கொண்டேன். உங்களுக்கு என்னைப் போல ஒரு வக்கீல் கிடைக்க மாட்டார்.

வகுப்பில் அது நடந்த அன்று சாயங்காலம், கோட்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அத்தையின் அலமாரிமேல் இருக்கிற உங்கள் போட்டோ கண்ணில் பட்டது. கோட்டு வருவதற்கு முந்தைய வருஷம் நீங்கள் அத்தைக்கு அனுப்பியது. புது அறை என்று சொல்லி, கதவுப் பக்கம் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பின்னால் ஆணியில் உங்கள் ஜாக்கெட் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் பெண்கள் போடுகிற ஒரு கறுப்புக் கோட்டு. இரண்டாவது பொத்தான் பெரியது. இத்தனை நாளும் தினம் தூசி தட்டிய போட்டோ அது.

திரும்பிப் பார்த்தால் அத்தை வாசல்படியில் நிற்கிறார். என் மடியில் கோட்டு, என் கையில் போட்டோ. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்கு முன்பே தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கோட்டு வந்த அன்றைக்கே அவர், "அதுல கை வெக்காத, உனக்கு ஒத்துவராது, திருப்பி அனுப்பிடு" என்று சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தது பொறாமையால் இல்லை. உங்கள் போட்டோவை என்னைவிட அதிகம் பார்க்கிறவர் அவர்தானே.

நான் அழுதேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். உங்களைப் பெற்றவரைப் பார்த்துக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அத்தை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், முழங்காலை மடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு. "அவன் மாறிடுவான், மாறிடுவான்னு வாயப் பொத்திட்டு இருந்தேன். என் வாய்க்கு நான்தான் பூட்டு போட்டேன். என்னைத் திட்டு" என்றார். எனக்குத் திட்ட வரவில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபத்தை அவர்மேல் காட்டினால் அதுவும் உங்களுக்கு லாபமாகத்தான் முடியும்.

அதற்குப் பிறகும் ஏன் பரீட்சை எழுதினாய் என்று கேட்பீர்கள். கடைக்கார அக்காவும் அதையேதான் கேட்டார். இரண்டு வருஷமாகக் கடை முடிந்து அந்த மாடிப்படி ஏறி, தொண்டையில் முள் குத்தினவள் மாதிரிக் காறிக் காறிப் பழகிய மொழியை உங்களுக்காக ஏன் விட வேண்டும்? அது இப்போது என்னுடையது. எழுத்துப் பரீட்சையில் என்ன கேள்வி வந்தது தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர் உங்களை வீட்டுக்கு அழைத்திருக்கிறார், வர முடியாது என்று அவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். தொடங்கும் சொல்லுக்குத் தனி மதிப்பெண். பக்கத்திலிருந்த பெண் 'லீவெ' என்று எழுதிவிட்டு வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி 'பெஸ்தெ' என்று எழுதினேன். முழு மதிப்பெண். நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் வீண்போகவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் உங்களிடம் கெஞ்சப் போவதில்லை என்று மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். உண்மை என்னவென்றால், கெஞ்சத்தான் தோன்றுகிறது. கிழிந்ததைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, அது என் தொழில் புத்தி. ஆனால் நூல் பிடிக்கக் கொஞ்சம் நல்ல துணி மிச்சம் இருக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் வருகிறேன், வந்து உங்களோடு சண்டைதான் போடுவேன், அதற்குத் தயாராக இருங்கள். போடாவிட்டால், போட மாட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவசரம் இல்லை, நிதானமா படி என்று மட்டும் இனி சொல்லாதீர்கள். நான் படித்து முடித்துவிட்டேன்.

அத்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் என்ன பதில் எழுதினாலும் அவர் என்னோடுதான் இருப்பார். அவரே சொல்லிவிட்டார். அவருக்கு எழுதும் கார்டில் மட்டும் முதல் சொல்லை எந்தக் காலத்திலும் மாற்றிவிடாதீர்கள்.

கோட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அத்தைதான் மடித்தார். நான் சுருக்கிய கையைப் பிரித்து முன்பு இருந்த நீளத்துக்கே இறக்கிவிட்டேன். மடிப்புக்கோடு தெரியும், நாலு தடவை போட்டால் மறைந்துவிடும். பையின் கிழிசலைத் தைத்திருக்கிறேன். அந்தப் பெரிய பொத்தானைத் தொடவில்லை, தைத்த கை நல்ல கை. இந்தக் கோட்டை அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லி வாங்கினீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் ஒரு தங்கை இருக்கிறாள், குளிருக்குக் கேட்டாள் என்று சொல்லியிருப்பீர்கள். கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத உங்களுக்கு இந்த வயதில் ஒரு தங்கை பிறந்திருக்கிறாள்.

தைத்த பையில் அவருக்கு ஒரு சின்னக் கடிதம் வைத்திருக்கிறேன். டச்சில். டீச்சரிடம்கூடக் காட்டித் திருத்தவில்லை, தப்பு இருந்தாலும் புரியும். உங்கள் கோட்டுக்கு நன்றி, எனக்கு நீளம் அதிகம், சரிசெய்து திருப்பி அனுப்புகிறேன், உங்களோடு இருப்பவருக்கு நான் தங்கை அல்ல, மனைவி. நாலே வரி. முதல் சொல்லுக்குத்தான் ரொம்ப யோசித்தேன். முன்பின் தெரியாதவர்களுக்கு எழுத இன்னும் விறைப்பாக ஒரு சொல் இருக்கிறது, அதுவும் படித்திருக்கிறேன். ஆனால் ஒரே கோட்டைப் போட்டுப் பார்த்த இரண்டு பேரை முன்பின் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியாது. அதனால் 'பெஸ்தெ' என்றே எழுதினேன்.

அந்தக் கடிதத்தை நீங்கள் முதலில் பார்த்துவிட்டால், கிழித்துப் போடாமல் அவர் கையில் கொடுங்கள். அவர் படித்து முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள். இத்தனை வருஷத்தில் உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி